லேசரில் பிறந்த 2344: விரிசல் விட்ட இன்செர்ட்டைப் பற்றி ராணிப்பேட்டைத் தம்பிக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டில் பிளாஸ்டிக் மோல்டு செய்யும் டூல் ரூம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாட்டில் மூடி மோல்டுக்கு ஒரு கோர் இன்செர்ட்டை (மூடியின் உட்புறத்துக்கு வடிவம் கொடுக்கும் துண்டை), உள்ளே வளைந்து போகும் தண்ணீர்ப் பாதைகளோடு, லேசர் 3டி பிரிண்டிங்கில் வெளியே கொடுத்துச் செய்து வாங்கினாராம். பவுடர் 2344 என்கிற டூல் ஸ்டீல், அதாவது ஹெச் 13. வந்ததை, அது பிரிண்ட் ஆன தட்டிலிருந்து வயர் கட்டில் (மின்பொறி விடும் கம்பியால் அறுக்கும் மெஷினில்) அறுத்து, வழக்கமாக பிளாக்குக்கு, அதாவது கட்டியாக வாங்கும் எஃகுக்கு, போடும் அதே ஹார்டனிங் சார்ட்டை (சூடேற்றிக் குளிர்விக்கும் அட்டவணையை) கொடுத்து, கிரைண்டிங்குக்கு ஏற்றியபோது மூலையில் மயிரிழை போல ஒரு கிராக். பிரிண்ட் செய்தவர் 'மாரேஜிங் ஸ்டீலுக்கு (கார்பன் ஏறக்குறைய இல்லாத, நிக்கல் அதிகமுள்ள எஃகுக்கு) மாறிவிடுங்கள்' என்கிறார். கடையில் முப்பது வருடமாக இருக்கும் ஃபிட்டர் பெரியவர் 'பவுடரை உருக்கி ஒட்டினது எப்படிப்பா நிற்கும்?' என்கிறார். தம்பிக்குத் தெரிய வேண்டியது: இது நிஜமான 2344-தானா, ஏன் விரிந்தது, அடுத்த முறை எதைக் கேட்டு வாங்குவது.

வாலாஜா, ராணிப்பேட்டை பக்கத்திலேயே ஹீட் ட்ரீட்மென்ட்டிலும், உடைந்த டூல்களை அறுத்துப் பார்க்கும் வேலையிலும் பல காலம் இருந்தவன் நான். பிரிண்ட் செய்த துண்டுகளும் சில வருடங்களாக என் மேஜைக்கு வருகின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். கெமிஸ்ட்ரி ரிப்போர்ட் பார்த்தால் அது 2344-தான். கார்பன் 0.4 சதவீதம், குரோமியம் 5, மாலிப்டினம் 1.3, வனேடியம் 1, சிலிக்கான் 1, எல்லாம் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆனால் பிளாக்காக வாங்கும் 2344 எப்படிப் பிறந்ததோ அப்படி இது பிறக்கவில்லை. அதனால் உள்ளே நுண்ணமைப்பு வேறு, உள்ளே தேங்கியிருக்கும் இழுவிசை வேறு. பிளாக்கின் சார்ட்டை அப்படியே இதற்கு எடுத்துப் போட்டதுதான் தப்பு ஆரம்பித்த இடங்களில் ஒன்று.

டிக் வெல்டிங் வைத்து மோல்டு ரிப்பேர் செய்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பிரிண்டிங் என்பது வெல்டிங்தான். 30 முதல் 50 மைக்ரான் கனத்துக்குப் பவுடரைப் பரப்பி, 200 முதல் 400 வாட் லேசரை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் அகலப் புள்ளியாகக் குவித்து, விநாடிக்கு ஒரு மீட்டரை ஒட்டிய வேகத்தில் ஓட்டுகிறார்கள். ஓடிய கோடு உருகி உறையும். பக்கத்தில் அடுத்த கோடு. அந்த அடுக்கு முடிந்தால் மேலே அடுத்த பவுடர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடுகளுக்கு இடையே 0.1 மில்லிமீட்டர், அடுக்கு 0.04 மில்லிமீட்டர் என்றால், 100 கன சென்டிமீட்டர் எஃகுக்கு, அதாவது முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே, லேசர் 25 கிலோமீட்டர் ஓட வேண்டும். வேலூரிலிருந்து ராணிப்பேட்டை வரை கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். அத்தனை தூரத்துக்கும் வெல்டு பீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2344-இல் ஒரு அங்குலம் வெல்டு வைக்கவே நம் ஆட்கள் பிளாக்கை 300 டிகிரிக்கு மேல் சூடேற்றிக்கொண்டுதானே கை வைக்கிறார்கள்? அந்தச் சூடு பிரிண்ட் செய்தபோது இருந்ததா என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி.

இப்போது நுண்ணமைப்புக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது.

பிளாக்குக்காக முதலில் வார்க்கும், டன் கணக்கில் எடையுள்ள எஃகுக் கட்டி, அதாவது இங்காட், உள்ளே உறைய மணிக்கணக்கில் ஆகும். லேசரின் குட்டிக் குளம் மில்லிவிநாடிகளில் உறைந்துவிடும். குளிரும் வேகம் விநாடிக்கு ஒரு லட்சம் டிகிரியிலிருந்து பத்து லட்சம், அதற்கு மேலும் போகும். ஆயில் குவென்ச்சிங்கில் (சூடான எஃகை எண்ணெயில் முக்கிச் சட்டென்று குளிர்விப்பதில்) நாம் பார்க்கும் வேகம் இதன் பக்கத்தில்கூட வராது. உறையும் வேகம் கூடக்கூட உள்ளே மரக்கிளை போல வளரும் உலோகப் படிகங்களின் இடைவெளி சுருங்கும். இங்காட்டில் அந்த இடைவெளி நூற்றுக்கணக்கான மைக்ரான். லேசரில் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. கிளை விடக்கூட நேரமில்லாமல், தேன்கூட்டு அறைகள் போல நெருங்கி நிற்கும் செல்களாக உறைந்துவிடும்.

கலர் ஐஸ்குச்சி உறைவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் உறையும் பகுதி வெளுப்பாக இருக்கும். சாயமும் சர்க்கரையும் கடைசியில் உறையும் பகுதிக்குத் தள்ளப்படும். எஃகும் அப்படித்தான். செல்லின் நடுப்பகுதி முதலில் உறைகிறது. குரோமியம், மாலிப்டினம், வனேடியம், கார்பன் எல்லாம் செல்லின் ஓரத்துக்கு ஒதுக்கப்படுகின்றன. இந்த ஒதுக்கத்துக்குப் பெரிய விளைவு உண்டு. ஆஸ்டனைட் (எஃகு நல்ல சூட்டில் எடுக்கும் அமைப்பு) மார்ட்டன்சைட்டாக (வேகமாகக் குளிர்ந்தால் வரும் கெட்டியான அமைப்பு) மாறத் தொடங்கும் வெப்பநிலை 2344-க்கு ஏறக்குறைய 300 டிகிரி. கலப்பு உலோகங்களும் கார்பனும் கூடினால் அந்த எண் கீழே இறங்கும். அதனால் செல்லின் நடுப்பகுதி மார்ட்டன்சைட்டாக மாறிவிட, ஓரங்களில் ஆஸ்டனைட் மாறாமல் மெல்லிய வலைபோல் தங்கிவிடுகிறது. ஹார்டனிங் முடித்த பிளாக்கில் தங்கும் ஆஸ்டனைட்டைவிட இது பொதுவாக அதிகம். பிறகு வேலை செய்யும்போது மெதுவாக மாறி அளவை நகர்த்துவதும் இதுதான். மூடி மோல்டில் நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஃபிளாஷ் (இடுக்கில் பிளாஸ்டிக் பிதுங்குவது) வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்பைடு (கார்பனும் உலோகமும் சேர்ந்த கடினத் துகள்) கதை இதற்கு நேர்மாறாக நல்ல கதை. மட்டமான பிளாக்குகளில் பெரிய பெரிய கார்பைடு துண்டுகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்து நான் பலமுறை தலையில் கை வைத்திருக்கிறேன். பாலிஷில் அவை பெயர்ந்து புள்ளி விழும். லேசர் எஃகில் அவை பெரிதாக வளர நேரமே இல்லை. இருக்கிற கொஞ்சமும் நானோ அளவில், செல் ஓரங்களில்தான். நம் தமிழ்நாட்டில் மண் குகையில் உருக்கிய ஊட்ஸ் எஃகை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மிக மெதுவாக உறைந்து, வனேடியம் போன்றவை துளியூண்டு இருந்தாலும் கிளைகளுக்கு இடையே ஒதுங்கி, பிறகு அடித்து நீட்டும்போது அந்த இடங்களில் கார்பைடு வரிகள் வளர்ந்து, வாளின் மேல் நீரோட்டம் போன்ற கோலம் வந்தது. இங்கேயும் நடப்பது அதே ஒதுக்கம்தான். குளிரும் வேகம் மாறியதால் அன்று கண்ணுக்குத் தெரிந்த கோலம் இன்று எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிகிறது.

துண்டை அறுத்து, பாலிஷ் செய்து, நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில்) சில விநாடி வைத்துச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மீன் செதில் அடுக்கியதுபோல் இருக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரு உருகிய குளம். செதில்களின் ஓரத்தை ஒட்டிக் கொஞ்சம் கருத்த பட்டைகள் தெரியும். மேலே அடுத்தடுத்த அடுக்குகள் உருகும்போது கீழே இருப்பது மறுபடி மறுபடி சூடேறி, அங்கங்கே டெம்பர் ஆகியிருக்கிறது, அதாவது மறுசூட்டில் பதப்பட்டிருக்கிறது. கடைசியாக வைத்த சில அடுக்குகளுக்கு மட்டும் அந்தச் சூடு கிடைத்திருக்காது. ஆகவே மேல் முகத்தில் மட்டும் ஹார்ட்னஸ் எடுத்துவிட்டு முழுத் துண்டையும் முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் அறுத்து மேலிருந்து கீழே எடுங்கள்.

ஃபிட்டர் பெரியவரின் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அவர் கேட்டதில் பாதி சரி. செட்டிங் சரியாக இருந்தால் இந்த எஃகின் அடர்த்தி 99.5 சதவீதத்துக்கு மேலே வரும். பவுடரை ஒட்டியது அல்ல, முழுதும் உருகி உறைந்தது. செட்டிங் தவறினால் அவர் சொன்னதுதான் நடக்கும். லேசர் பவரை வேகம், கோட்டு இடைவெளி, அடுக்குக் கனம் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் கன மில்லிமீட்டருக்கு எத்தனை ஜூல் என்று வரும். 250 வாட், விநாடிக்கு 800 மில்லிமீட்டர், 0.1, 0.04 என்றால் 78 ஜூல். இது குறைந்தால் கோடுகள் சரியாகச் சேராமல், உருகாத பவுடர் உருண்டைகளோடு கோணல்மாணலான ஓட்டைகள் வரும். அதிகமானால் லேசர் ஆழமாகக் குழி தோண்டி, குழி மூடும்போது அடியில் வாயு சிக்கி உருண்டை ஓட்டைகள் வரும். ஓட்டையின் வடிவத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் தவறினார்கள் என்று சொல்லிவிடலாம். இரண்டில் கோணலான ஓட்டைதான் ஆபத்து. அதன் கூர்மையான ஓரத்திலிருந்து கிராக் கிளம்பும். ஒரே ஜூல் கணக்கு வந்தாலும் பவரும் வேகமும் வேறாக இருந்தால் முடிவும் வேறாகும், அதனால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். துண்டோடு சேர்த்துப் பிரிண்ட் செய்த ஒரு சிறிய கட்டையைக் கேட்டு வாங்கி அறுத்துப் பாருங்கள்.

சரி, ஏன் விரிந்தது?

ஒவ்வொரு அடுக்கும் உருகி, உறைந்து, சுருங்கப் பார்க்கிறது. கீழே ஏற்கெனவே கெட்டியாக இருப்பது சுருங்க விடுவதில்லை. மேலே இழுவிசை தேங்குகிறது. கார்பன் குறைந்த எஃகாக இருந்தால் கொஞ்சம் நெளிந்து தப்பித்துவிடும். 0.4 சதவீதக் கார்பனோடு டெம்பர் ஆகாத மார்ட்டன்சைட் நெளியாது, உடையும். பிரிண்ட் நடக்கும் தளமான பெட்டின் சூடு 200 டிகிரி என்றால் இழுவிசை குறையும், ஆனால் எஃகு மாற்ற வெப்பநிலைக்குக் கீழேதான் இருக்கிறது. அடுக்கு வைக்க வைக்க மார்ட்டன்சைட் ஆகிக்கொண்டே வரும். 400 டிகிரி அளவில் வைத்தால் வேலை முடியும்வரை ஆஸ்டனைட்டாகவோ, நேரம் நீண்டால் பெய்னைட்டாகவோ (மார்ட்டன்சைட்டைவிட மென்மையான இன்னொரு அமைப்பு) இருக்கும். கிராக் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. சிக்கல் என்னவென்றால் நிறைய மெஷின்களில் பெட் ஹீட்டர் 200 டிகிரியோடு நின்றுவிடும். ஹீட்டர் அடித்தட்டில் இருப்பதால் துண்டு உயர உயர மேலே சூடு போய்ச் சேர்வதும் குறையும். ஆகவே உங்கள் இன்செர்ட்டின் உயரத்தையும் பெட் சூட்டையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வயர் கட். இது உங்கள் பக்கம் நடந்தது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். தட்டோடு ஒட்டியிருக்கும்வரை துண்டின் இழுவிசையைத் தட்டும் தாங்குகிறது. அறுத்த உடனே, பச்சை மூங்கிலைப் பிளக்கும்போது வாய் விரிவதுபோல, அது திறந்துகொள்ளப் பார்க்கும். தட்டோடு சேர்த்தே முதலில் ஃபர்னஸில் வைக்க வேண்டும். 2344-க்கு 550 முதல் 600 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிட்டு, பிறகுதான் வயர் கட். இந்த ஒரு படியை விட்டதால் வீணான துண்டுகளை நான் பார்த்திருக்கிறேன்; ஒன்று வயர் கட் மெஷினிலேயே, அறுப்பு முடியும் முன்பே, மேலிருந்து கீழ்வரை பிளந்தது.

ஈரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து வைத்த பவுடர் ஈரம் குடிக்கும். உருகும்போது ஓட்டையும் வரும், ஹைட்ரஜனும் உள்ளே போகும். கெட்டியான மார்ட்டன்சைட்டுக்கு ஹைட்ரஜன் ஆகவே ஆகாது. வெல்டிங் ராடைச் சூடேற்றி வைத்து எடுப்பதுபோல் பவுடரையும் உலர்த்த வேண்டும்.

இழுவிசை தணிந்த பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் எப்படி? இரண்டு வழி உண்டு. முழு ஹார்டனிங்: 1020 முதல் 1050 டிகிரிக்கு ஏற்றி, குவென்ச் செய்து, இரண்டு அல்லது மூன்று டெம்பரிங். இதில் செல்களும் ஒதுக்கமும் கரைந்து போகும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நாம் பழகிய 2344 போலவே தெரியும், கார்பைடு வரிசைகள் இல்லாத நல்ல 2344. இன்னொரு வழி, ஹார்டனிங்கே இல்லாமல் நேராக டெம்பரிங். லேசரே குவென்ச் செய்துவிட்டதால் இது நியாயம்தான். செல் ஓரத்தில் தங்கிய ஆஸ்டனைட் டெம்பரிங்கில் உடைந்து, நுண்ணிய கார்பைடுகளும் புதிய மார்ட்டன்சைட்டும் ஆகும். அந்தப் புதிய மார்ட்டன்சைட்டுக்காகத்தான் இரண்டாவது டெம்பரிங் கட்டாயம். இதில் ஹார்ட்னஸ் உச்சம் வரும் வெப்பநிலை, பிளாக்கில் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சற்று மேலே நகர்ந்திருக்கும். பிளாக்கின் டெம்பரிங் கர்வை வைத்து ஹெச்.ஆர்.சி. (ராக்வெல் ஹார்ட்னஸ்) எண்ணைக் குறி வைத்தால் தவறுவது இதனால்தான். பிளாஸ்டிக் மோல்டு இன்செர்ட்டுக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன். 1030 டிகிரி போய் வருவதால் உண்டாகும் கோணல் இதில் இல்லை. உருகிய அலுமினியத்தை அழுத்தி வார்க்கும் டை காஸ்டிங் என்றால் முழு ஹார்டனிங்தான்.

உள்ளே மூடிய ஓட்டைகளை ஹிப் என்கிற உயர் அழுத்தச் சூட்டில் நசுக்கி மூடலாம். மேற்பரப்போடு திறந்த ஓட்டையும் கிராக்கும் அதில் மூடாது. உங்கள் துண்டுக்கு அது உதவாது.

மாரேஜிங் பற்றி அவர் சொன்னது பொய்யான யோசனை அல்ல. நிக்கல் 18 சதவீதம், கோபால்ட் 9, மாலிப்டினம் 5, டைட்டானியம் 0.7 அளவு, கார்பன் 0.03-க்கும் கீழே. கார்பன் இல்லாத மார்ட்டன்சைட் மென்மையானது, நெளியும். பிரிண்ட் செய்த நிலையில் 35 ஹெச்.ஆர்.சி. பக்கத்தில்தான் இருக்கும், கிராக் பயம் இல்லாமல் அறுக்கலாம், மில்லிங் செய்யலாம், டேப் போடலாம். பிறகு 490 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தால் நிக்கலும் டைட்டானியமும் மாலிப்டினமும் சேர்ந்த மிக நுண்ணிய துகள்கள் உள்ளே விளைந்து 50 முதல் 54 வரை ஏறும். குவென்ச்சிங்கே கிடையாது. 100 மில்லிமீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரைவிடக் குறைவாகத்தான் சுருங்கும், அதையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்கலாம். இந்தக் குடும்பத்து எஃகில்தான், 250 கிரேடில், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் அடுக்கு மோட்டார் உறையைச் செய்கிறார்கள். வெல்டிங்குக்கு இணங்கும் எஃகு என்பதால் லேசருக்கும் இணங்கிவிட்டது.

அதன் குறை சூட்டில் தெரியும். 480, 500 டிகிரியைத் தாண்டி வேலை செய்தால் துகள்கள் பருத்து, ஆஸ்டனைட் திரும்பி வந்து, மெத்தென்று ஆகிவிடும். உருகிய அலுமினியத்தைச் சந்திக்கும் டைக்கு அது சரிப்படாது. அங்கே 2344 வேண்டும். உங்கள் மூடி மோல்டு நூறு டிகிரிக்குள் ஓடுகிறது. ஆகவே உங்கள் இன்செர்ட்டுக்கு மாரேஜிங்தான் என் தேர்வு. பவுடர் விலை கூடுதல்தான், ஆனால் முழு இன்செர்ட்டையும் பிரிண்ட் செய்ய வேண்டியதில்லை. அடிப்பகுதியைச் சாதாரண பிளாக்கில் நேர் துளைகளோடு மில்லிங் செய்து, அதையே தட்டாக வைத்து, வளைந்த பாதைகள் உள்ள மேல் பகுதியை மட்டும் பிரிண்ட் செய்யலாம்.

ஹெச்.சி.ஹெச்.சி.ஆரையும் (கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள டூல் ஸ்டீல்) எம்2-வையும் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிரிண்ட் செய்யலாமா என்று யாராவது கேட்டால், கார்பன் இன்னும் அதிகம், பெட் சூடு இன்னும் அதிகம் வேண்டும், இப்போதைக்கு நம் அளவு கடைகளுக்கு வேண்டாம் என்பேன்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. மோல்டில் ஒரு சைக்கிள் நேரத்தில் பாதிக்கு மேல் ஆறுவதற்கே போகிறது. அதற்காகத்தானே இத்தனை செலவு செய்து, வடிவத்தை ஒட்டியே ஓடும் பாதை கேட்கிறோம்? நம் பாலாற்றங்கரைப் பகுதியின் போர்வெல் தண்ணீர் எப்படி என்று வீட்டுக் கீசர் காயிலைப் பார்த்தாலே தெரியும். ஒரு மில்லிமீட்டர் உப்புப் படிவு, வெப்பத்தைத் தடுப்பதில் பத்து மில்லிமீட்டருக்கும் மேலான எஃகுக்குச் சமம். நேர் துளையில் படிந்தால் டிரில் விட்டுச் சுரண்டலாம். வளைந்த பாதையில் எதை விடுவீர்கள்? பிரிண்ட் செய்த பாதையின் உட்சுவர் சொரசொரப்பாக இருப்பதால் படிவு சீக்கிரம் பிடிக்கும். மாரேஜிங் துருப்பிடிக்கும் எஃகுதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர், துருத் தடுப்பு மருந்து, மூடிய சில்லர் சுற்று, இந்த மூன்றும் இல்லாமல் பாதை வளைப்பதில் பயன் இல்லை. 40 ஹெச்.ஆர்.சி. அளவு போதும் என்றால் 17-4 பி.ஹெச். ஸ்டெயின்லெஸ் பவுடரையும் கேட்டுப் பாருங்கள். பாதை வாங்கும்போது உள்ளே பவுடர் மிச்சமில்லை என்று காற்று ஊதி, தண்ணீர் விட்டு, லிட்டர் கணக்கில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு முன்பே. உள்ளே தங்கிய பவுடர் ஃபர்னஸில் இறுகிவிட்டால் எடுக்கவே முடியாது.

கடைசியாக, அந்த விரிசல் விட்ட துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிராக்கின் பின்பக்கம் வயர் கட்டில் பாதிவரை அறுத்து, வைஸில் பிடித்து, கிராக்கைத் திறந்து பாருங்கள். கையால் தொட வேண்டாம், எண்ணெய் படக்கூடாது. திறந்த ஃபர்னஸில் ஹார்டனிங் செய்திருந்தால் நிறமே சொல்லிவிடும். கருப்பாகச் செதில் பிடித்திருந்தால், ஹார்டனிங்குக்கு முன்பே, பிரிண்டிங்கிலோ வயர் கட்டிலோ விரிந்தது. லேசான நீலமோ சாம்பலோ இருந்தால் குவென்ச்சில் விரிந்து டெம்பரிங்கில் நிறம் ஏறியிருக்கிறது. வெள்ளி போல மின்னினால் கிரைண்டிங்கில். வாக்குவம் ஃபர்னஸ் என்றால் நிறம் இருக்காது. திறக்காத பாதியைக் குறுக்கே அறுத்து, பாலிஷ் செய்து நைட்டாலில் வைத்து, கிராக் மீன் செதில் ஓரத்தைப் பிடித்துப் போகிறதா, கோணலான ஓட்டையிலிருந்து கிளம்புகிறதா, தண்ணீர்ப் பாதையின் கூர்மையான மூலையிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். முழு ஹார்டனிங்கில் மீன் செதில் கோலம் அழிந்திருக்கும், ஓட்டை அழிந்திருக்காது. மூன்று படம் எடுத்துப் போடுங்கள்: திறந்த முகம், கிராக்கின் நுனி, கிராக் தொடங்கிய இடம். அதைப் பார்த்து, பிரிண்ட் செய்தவரிடம் என்ன கேட்கலாம், உங்கள் கடையில் எதை மாற்றலாம் என்று பிரித்துச் சொல்கிறேன்.